நினைவு நீங்கியபின்னும் நிற்கும் இசை

இசை நெஞ்சை உருக்கும் என்று சொல்ல நமக்கு மருத்துவர் தேவையில்லை. இறந்தவர் வீட்டில் ஒரு பாடல் எழுந்ததும், அதுவரை வறண்டிருந்த கண்கள் நனைவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வேளையில் மூளைக்குள் நிகழ்வது யாது என்பதை அறியவே மருத்துவர் வேண்டும். இலண்டனில் பிறந்து, நியூயார்க்கில் நெடுங்காலம் பணியாற்றி, 2015இல் மறைந்த நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், 2007இல் வெளியிட்ட 'மியூசிக்கோஃபீலியா' என்னும் ஆங்கில நூல் அதனையே ஆராய்கிறது.

நூலின் உயிர்நாடி கிளைவ் வேரிங் என்பவரின் வரலாறு. இங்கிலாந்தில் பாடகர் குழுக்களை நடத்திவந்த இவர், மறுமலர்ச்சிக்கால இசையில் வல்லவர். 1985இல் வைரஸ் கிருமியால் வந்த மூளையழற்சி இவருடைய நினைவாற்றலை அழித்தது. சில நொடிகளுக்கு மேல் எதுவும் மனத்தில் தங்குவதில்லை. துணைவியார் அறையைவிட்டு வெளியே சென்று உடனே திரும்பினாலும், பல்லாண்டு பிரிந்திருந்தவரைக் கண்டதுபோல் தழுவிக்கொள்வார். ஆயினும் இசைத்தாளை முன்வைத்தால் பியானோ வாசிப்பார். பாடகர் குழுவை வழிநடத்துவார். இசை ஒலிக்கும்வரை அவர் முழுமனிதர். அது நின்றதும் மீண்டும் பழைய வெறுமை.

இதற்குச் சாக்ஸ் தரும் விளக்கம் தெளிவானது. நடந்தவற்றை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சிதைந்தாலும், பழகிய செயல்களைக் காத்துவைக்கும் சிறுமூளை முதலிய பகுதிகள் பிழைத்திருக்கலாம். மேலும், ஒரு பண்ணில் ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தை அழைக்கிறது. பாடுபவர் பின்னோக்கி நினைக்கவேண்டியதில்லை, முன்னோக்கிச் சென்றாலே போதும்.

மருந்தின் துணை கிட்டாத 1966ஆம் ஆண்டில், பிராங்க்ஸ் மருத்துவமனையொன்றில் சிலைபோல் உறைந்திருந்த நோயாளிகள் இசை கேட்டதும் அசைந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். அங்கும் இசை நின்றால் அசைவும் நின்றது. நூலின் நேர்மை இதில்தான் உள்ளது: இசை நோயைப் போக்கியதாக அவர் எழுதவில்லை.

இந்நேர்மை அரிது. 1993இல் 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், இடவடிவங்களை உய்த்துணரும் சோதனையில் சற்றே மேம்பட்டனர். அப்பயனும் கால்மணி நேரத்துக்குள் மறைந்தது. இத்துணைச் சிறிய செய்தி, குழந்தைகளை அறிவாளிகளாக்கும் மந்திரம் என்று ஊதப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க நிதி கேட்டார்! இசையை மதிப்பெண்ணுக்கு உரமாக்கும் இவ்வெண்ணம் அதன் மாண்பை அறியாதது.

சாக்ஸின் நூலிலும் குறையுண்டு. வியப்புக்குரிய நோயாளிகளே இதில் முன்வருகின்றனர். எத்தனை பேருக்கு இசை பயன்படாது போயிற்று என்னும் கணக்கு நமக்குக் கிடைப்பதில்லை. தனிமனிதர் கதைகளைக் கொண்டு பொதுவிதி வகுக்க வாசகர் விரைந்துவிடக் கூடும். நோயுற்றோரைப் பேணும் இல்லத்தார் இதனை மனத்தில் கொள்வது நல்லது. வீண் நம்பிக்கை பின்னர் பெருந்துயராகும்.

நமக்கு இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். உணர்ச்சி பொங்கும் இசையைக் கேட்கையில் மூளையில் டோபமின் சுரப்பதை 2011இல் மாண்ட்ரியல் ஆய்வாளர் கண்டனர். அப்படியானால் பாடலின்போது நாம் சிந்தும் கண்ணீர் அனைத்தும் அருளின் அடையாளம் என்று கொள்ளலாமா? புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் ஈர்க்கும் வேளையில் தாம் குற்றம் புரிவதாக அஞ்சினார். எனினும் திருச்சபையில் பாடும் வழக்கம் நன்றே என முடித்தார். அந்த அச்சமும் அந்த முடிவும் இன்றும் நமக்கு ஏற்றவையே.

நம் பங்குகளில் மறதிநோயுற்ற முதியோர் உளர். "இவருக்கு எதுவும் புரியாது" என்று சொல்லி அவர்களை வீட்டிலேயே இருத்திவிடுகிறோம். மக்களின் பெயரையே மறந்தவர் இளமையில் பாடிய மாதா பாடலின் அடுத்த அடியைத் தாமே எடுத்துக்கொடுக்கக் கூடும். எல்லாரும் அவ்வாறு பாடுவர் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும், பாடிப் பாராமலே ஒருவரை இல்லாதவராக எண்ணிவிடுவது அறமாகாது. நினைவு நீங்கியபின்னும் மனிதர் இருக்கிறார் என்பதே இந்நூல் உணர்த்தும் உண்மை. இறைவன் அவரை மறப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. நாமும் மறவாதிருப்போமாக.