இத்தாலிய எதிர்கால வினைமுற்றில் ஊகப்பொருள்

இத்தாலிய இலக்கணப் பாடநூல்கள் எதிர்கால வினைமுற்றைப் பெரும்பாலும் விகுதிப் பட்டியலாகவே கற்பிக்கின்றன. ‘பர்லாரே’ (பேச) என்பது ‘பர்லெரோ’ (பேசுவேன்) ஆகும். ‘வெனீரே’ (வர) ‘வெர்ரோ’ எனவும், ‘வொலேரே’ (விரும்ப) ‘வொர்ரோ’ எனவும் திரிவது விதிவிலக்காகக் கொள்ளப்பட்டு மனப்பாடத்துக்கு விடப்படுகிறது. மொழிவரலாற்றை நோக்கின் இதில் புதிர் இல்லை. செவ்வியல் இலத்தீனின் ‘கந்தாபோ’ (பாடுவேன்) வழக்கிழந்தது. ‘பாட உள்ளேன்’ எனத்தக்க ‘கந்தாரே ஹாபெயோ’ என்னும் தொடர் ஒருசொல்லாக இறுகி, இத்தாலியத்தில் ‘கந்தெரோ’ ஆயிற்று. அழுத்தம் விகுதியின்மேல் விழவே இடையுயிர் கெட்டது. எஞ்சிய ன்ர், ல்ர் ஆகிய மெய்ம்மயக்கங்கள் ர்ர் ஆயின. ‘பர்லெரோ’வில் அகரம் எகரமானது பிளாரன்சு வழக்கு, பழைய சியென்னா வழக்கில் ‘பர்லரோ’ என்றே வரும்.

ஆக்கத்துக்குப் பொருந்தும் இவ்விளக்கத்தைப் பயன்பாட்டுக்கும் நீட்டுவதிலேதான் இடர் உள்ளது. ‘சரான்னோ லே த்ரே’ என்றால் ‘(இப்போது) மணி மூன்றிருக்கும்’ என்பது பொருள். காலம் நிகழ்வு, வடிவம் எதிர்வு. இவ்வூகப்பொருள் ‘ஹாபெயோ’வின் கடப்பாட்டுப் பொருளிலிருந்து கிளைத்தது என்னும் கருத்து கவர்ச்சியானது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. ‘ஹாபெயோ’ கலவாத பழைய இலத்தீன் எதிர்கால வடிவமாகிய ‘எரித்’ பிளாட்டசின் நாடகங்களிலேயே ஊகப்பொருளில் வருகிறது. உடைமை வினையோடு தொடர்பற்ற தமிழின் ‘இருக்கும்’ என்பதும் அவ்வாறே.

வேர்ச்சொல் வரலாற்றை விட வினையின் இயல்பே இங்குக் கருதத்தக்கது. ‘தொர்மிரா’ என்பது பெரும்பாலும் ‘(இனித்) தூங்குவான்’ எனவே பொருள்படும். இந்நேரத்து உறக்கத்தை ஊகிக்க ‘ஸ்தரா தொர்மேந்தோ’ என நிலைவினை சேர்க்கப்படுகிறது. தமிழும் ‘தூங்குவான்’ என்பதை விடுத்து ‘தூங்கிக்கொண்டிருப்பான்’ என ‘இரு’வைத் துணைக்கொள்கிறது. இறந்தகால ஊகத்திலும் இந்த இணை நீடிக்கிறது: ‘அவ்ரா பெர்சோ இல் த்ரேனோ’ என்பது ‘ரயிலைத் தவறவிட்டிருப்பான்’ ஆகும். (உறுதிசெய்யப்பட்ட நாளைய பயணத்தையோ இத்தாலியர் ‘தொமானி பார்தோ’ என நிகழ்காலத்தாலேயே கூறிவிடுவர், ‘எதிர்காலம்’ என்னும் பெயரின் போதாமைக்கு இதுவும் சான்று.)

இவ்வொப்புமை மொழிபெயர்ப்பில் நேரடிப் பயனுடையது. ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியப் புனைவைத் தமிழாக்கும்போது, இத்தொடர் ‘தவறவிட்டிருக்க வேண்டும்’ என்றாகிவிடக் கூடும். மூலத்தில் இல்லாத ‘வேண்டும்’ அங்கே ஆங்கிலத் துணைவினையின் நிழலாக வந்து சேர்கிறது; ‘தவறவிட்டிருப்பான்’ என்னும் நேர்நிகரோ பயன்படாமல் போகிறது.