போர்க்கால வானொலியும் மட்டாஞ்சேரி ஹார்மோனியமும்

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது தமிழருக்கு வானொலி புதுசு. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் திறந்தன. செப்டம்பரில் போர் வந்துவிட்டது. கச்சேரி, நாடகம், பல்சுவை என்று வானொலி பொழுதை நிரப்பியது. பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. வித்வான் கடிகாரத்தைப் பார்த்தபடி ஆலாபனையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். சபாவுக்குப் போக வழியில்லாதவர்கள் வானொலியால்தான் நல்ல சங்கீதம் கேட்டார்கள். வித்வான்களுக்கும் சன்மானம் கிடைத்தது.

பாட்டுக்கு நடுவே வந்த செய்தி மட்டும் அரசாங்கத்தின் செய்தி. 1942 ஆகஸ்டின் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின் குரலுக்கு அங்கே இடமில்லை. விடுதலைப் போராளி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசிய வானொலி நடத்த நேர்ந்தது அதனால்தான்.

செய்தியில் கைவைத்ததற்குப் போரைக் காரணம் காட்டலாம். இசையில் கைவைத்ததற்கு? 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில் கமகம் பேசாது என்ற வாதம் ராக சங்கீதத்துக்குச் சரி. கஜலுக்கும் கவ்வாலிக்கும் இசை நாடகத்துக்கும் அதே அளவுகோலா? நம் நாடக மேடையில் ஹார்மோனியக்காரர் சுருதி பிடிக்காமல் ராஜபார்ட் வாய் திறந்ததுண்டா?

கொச்சியின் மட்டாஞ்சேரியை நினைத்தால் இந்தத் தடையின் குறுகல் புரியும். கொங்கணியும் குஜராத்தியும் தக்னியும் தமிழும் புழங்கும் ஊர் அது. அங்கே மெஹ்ஃபில் எனும் இசைக்கூடல் என்றால் பாய் விரித்த ஒரு அறை, ஒரு தபலா, இடக்கை துருத்தியை அசைக்க வலக்கை கட்டைகளில் ஓடும் ஒரு ஹார்மோனியம். பின்னாளில் 'ஜீவித நௌகா' (1951) மலையாளப் படத்தில் பாடிய மெஹ்பூப், சிறுவயதில் கொச்சிப் பட்டாள முகாம்களில் சிப்பாய்களுக்குப் பாடியவர். போர்க்கால மகிழ்விப்பு அதுவும்தான். அந்த இசை தனக்குரிய கருவியோடு வானொலிக்குள் நுழைய முடியாதபடி கதவு சாத்தியிருந்தது. தடை தளர்ந்தது 1971இல். கொச்சிக்கு வானொலி நிலையம் வந்தது 1989இல்.

வானொலி நல்ல இசையை வீடுதோறும் சேர்த்தது உண்மை. எது நல்ல இசை என்று தானே தீர்மானித்தது பிழை. மட்டாஞ்சேரியின் மூத்த பாடகர்கள் இன்னும் பாடுகிறார்கள். கொச்சி வானொலி அவர்களை ஹார்மோனியத்தோடு அழைத்து, கடிகாரத்தைப் பார்க்காமல் பாடவிட்டு, முழுதாகப் பதிவு செய்து வைக்க வேண்டும்.