பத்மினி: கழற்றிப் பார்த்தவனின் விமர்சனம்

என் வீட்டு வாசலில் நிற்கும் 1982 மாடல் பிரீமியர் பத்மினியை வாங்கி மூன்று மாதமாகிறது. இதுவரை 400 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்ற நேரம் ஓட்டிய நேரத்தைவிடப் பல மடங்கு. இதற்கு முன் நான் பிரித்த ஒரே இயந்திரம் வீட்டு மிக்ஸி. அது அப்புறம் ஓடவில்லை.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1089 சிசி இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். இடது கைக்கு நாலைந்து நாளில் பழகிவிடும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு ஆட்டோ நுழையும் அளவுக்கு இடம்விட வேண்டியிருக்கிறது. ஆட்டோவும் நுழைந்துவிடுகிறது. இத்தாலியின் ஃபியட் 1100டி-தான் பம்பாய் குர்லாவில் தயாராகி, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறியது. மும்பையில் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. நம் ஊரில் பெட்ரோல் பங்க் பையன்கூட இன்றும் “ஃபியட்டா சார்?” என்றுதான் கேட்கிறான்.

பானெட்டுக்குக் கீழேதான் இந்தக் கார் மனதைப் பறிக்கிறது. இன்றைய கார்களில் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும். இதில் இன்ஜினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போகலாம்.

முதல் வேலை, பாயிண்ட் செட் பண்ணுவது. இரண்டு கிளிப்பைத் தள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கையோடு வந்துவிடும். ரோட்டரை உருவினால் உள்ளே நடுவில் நாலு முனை கொண்ட ஒரு கேம், அதை உரசியபடி பாயிண்ட். கேமின் முனை வந்து தள்ளும்போது பாயிண்ட் திறக்கும். திறந்த நொடியில் காயிலுக்குப் போகும் மின்சாரம் அறுபடும். அறுந்த அதிர்ச்சியில் காயிலில் எழும் பல ஆயிரம் வோல்ட், பிளக்கில் பொறியாகக் குதிக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் பாயிண்ட் ஒரு நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. அரிசி அளவு உலோகப் பொட்டு இரண்டு, அவ்வளவுதான். என்னுடையதில் ஒன்றில் குழி, எதிரிலிருந்ததில் மேடு. ஐடிலிங்கில் வண்டி விக்கியதன் காரணம் அந்தக் குழியில் இருந்தது.

புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் புது பாயிண்ட், கண்டென்ஸர், ஒரு ஃபீலர் கேஜ் வாங்கினேன். மூன்றும் சேர்த்து இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசு. இன்ஜினைக் கையால் சுற்றி, கேமின் முனை சரியாகப் பாயிண்ட்டைத் தூக்கி நிற்கும்படி வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைக்க வேண்டும். தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இழுத்தால் இட்லி மாவிலிருந்து கரண்டியை எடுக்கிற மாதிரி லேசான பிடிப்பு இருக்க வேண்டும். திருகை முடுக்கும்போது அந்தப் பிடிப்பு ஓடிவிடும். தளர்த்தி, மறுபடி. பத்துத் தடவையாவது செய்திருப்பேன்.

பிடிப்பு சரியாகக் கிடைத்த உற்சாகத்தில், துடைக்கிறேன் என்று நாலு பிளக் ஒயரையும் ஒரே சமயத்தில் உருவினேன். திரும்ப மாட்டும்போது 1, 2, 3, 4 என்று வரிசையாகத்தானே இருக்கும் என்று மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்பியதும் சைலன்ஸர் வெடித்த வெடியில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மணி நேரம் பாயிண்ட்டையே சந்தேகப்பட்டு, கடைசியில் தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

“தம்பி, ஃபயரிங் ஆர்டர் என்ன?”

“ஒண்ணு, ரெண்டு...”

“ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலில் ஒன்றைத்தான் சரியாக மாட்டியிருந்தேன். மாற்றியதும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். ஐடிலிங்கில் விக்கல் இல்லை. அன்றைக்கு மாலை நான் எங்கேயும் போகவில்லை. வெறுமனே ஓடவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் விலை தெரிந்தவன் செய்கிற காரியம் இல்லைதான்.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் நெரிசலில் மாட்டினால் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். இப்போது என் டிக்கியிலும் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. வாங்கியவுடன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பிரேக்கில் மட்டும் நான் கை வைக்கவில்லை. பாயிண்ட் தப்பினால் வண்டி நிற்காமல் அடம்பிடிப்பதில்லை. பிரேக் தப்பினால் அடம்பிடிக்கும். அந்த வேலை அண்ணனுடையது.

தினமும் ஆபீஸ் போக இதை வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கையைக் கறுப்பாக்கிக்கொள்ள ஆசையிருந்தால் இதைவிடப் பொறுமையான கார் கிடைக்காது. தப்பாகச் செய்தால் சத்தம்போட்டுத் திட்டுகிறது, ஆனால் உடைந்துபோவதில்லை.

போன வாரம் டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினேன். ஆயில் ஒழுக்கு முழுதாக நிற்கவில்லை. ராத்திரி வண்டிக்கடியில் பழைய பேப்பர் விரித்து, காலையில் எண்ணிப் பார்க்கிறேன். மாற்றுவதற்கு முன் ஏழு சொட்டு. இன்று மூன்று. அண்ணனிடம் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆயில் இருக்குன்னு தெரியுதில்ல” என்றார்.