மலைக்கள்ளனும் முகமறைப்பும்

தன்னை மறைத்துக்கொண்டு பிறர் துயர் களையும் வீரனைப் பற்றிய கதைகள் எல்லா நாட்டிலும் உள. அவை அச்சிலிருந்து திரைக்கு வருங்கால் சில வெல்கின்றன, பல தோற்கின்றன. வென்றமைக்குக் காரணம் கேட்பின், ‘நடிகர் பொருத்தமாக அமைந்தார்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அப்பொருத்தம் யாது என்பதனைக் கொங்கு நாட்டில் உருவான படம் ஒன்றைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ளன்’ நாவல், கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தால் 1954 இல் படமாயிற்று. இயக்கியவர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, தலைவனாக நடித்தவர் எம். ஜி. இராமச்சந்திரன், தலைவி பி. பானுமதி. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்குரிய குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. அமராவதி நகர் போன்ற ஆனைமலை அடிவாரத்து ஊரினர்க்கு, மலை என்பது கண்ணெதிரே நிற்கும் பொருள். சமவெளியின் அதிகாரம் எட்டாத இடம் ஒன்று அங்கே உண்டு என்னும் எண்ணத்தை அவர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கதைத் தலைவன் ஊரார்க்கு மலைக்கள்ளன். கடைவீதியில் அப்துல் ரகீம் என்னும் வணிகன். உண்மையில் பூங்கோதையின் உறவினனாகிய குமாரவீரன். எழுத்தில் பெயரே உருவம். மூன்று பெயர்களைத் தனித்தனியே உலவவிட்டு, மூவரும் ஒருவரே என்பதை ஆசிரியர் தாம் விரும்பும் வரை மறைக்கலாம். திரையில் இது இயலாது. ‘ராஜகுமாரி’யிலும் (1947) ‘மந்திரி குமாரி’யிலும் (1950) பார்த்துப் பழகிய முகத்தை எவ்வுடையாலும் மறைத்தல் அரிது. ஆகவே நாவலின் உயிரான ‘இவன் யார்?’ என்னும் வினா, படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இறந்துபடுகின்றது.

எனினும் படம் வென்றது எங்ஙனம்? மறைவால் விளையும் வியப்பை விடுத்து, அறிவால் விளையும் இன்பத்தை அது பற்றிக்கொண்டது என்க. பார்ப்போர் அறிவர், பூங்கோதை அறியாள், காவலரும் அறியார். இது நமக்குப் புதிதன்று. விராட பருவக் கூத்தில் பேடி வேடத்தில் நிற்பவன் அருச்சுனன் என்பதைத் திடலில் இருக்கும் சிறுவனும் அறிவான். ஆட்டத்தின் சுவை அங்கேதான் பிறக்கின்றது. எனவே நடிகனுக்கு வேண்டுவது தன்னை முற்றும் மறைக்கும் திறன் அன்று. இரு நிலைக்கும் இடையே உள்ள தொலைவைத் தன் உடலாலும் குரலாலும் காட்டும் திறனே வேண்டும்.

இதே கதையை ஸ்ரீராமுலு நாயுடுவே பிற மொழிகளிலும் எடுத்தார். தெலுங்கில் என். டி. ராமராவும், மலையாளத்தில் சத்தியனும் தலைவராயினர். ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது, திலீப்குமார் நடித்த ‘ஆசாத்’ (1955) என்னும் இந்திப் படம். துயர நாயகர் என்றே பெயர் பெற்றிருந்த அவர், இங்கே நகையும் துள்ளலுமாகத் தோன்றிப் பிலிம்பேர் விருதும் பெற்றார். பழகிய முகம் தடையாகாமல், அதிலிருந்து விலகுவதே சுவையாயிற்று. இதற்கு மறுதலையாக, ‘சூப்பர்மேன்’ (1978) படத்தில் மார்லன் பிராண்டோ போன்ற பெரும்பெயரினர் சூழ நிற்க, தலைமைப் பாத்திரம் அதிகம் அறியப்படாத கிறிஸ்டோபர் ரீவுக்குத் தரப்பட்டது. ஓரிடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்து நிற்கின்றார்; பின்னர்த் தோள் தளர்ந்து பழைய கிளார்க்காகின்றார். வேறோர் ஒப்பனையும் இல்லை. ஆகவே புகழ்பெற்ற முகமா, புதுமுகமா என்னும் வழக்கு வீண்வழக்கு.

தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன் வகுத்தார். அச்சுறுத்தும் வீரர்க்குத் தறுகண் ஒன்றே போதும். மலைக்கள்ளனுக்கோ கொடையும் வேண்டும். எம். ஜி. ஆர். தறுகண்ணை வாட்போர்ப் படங்களிலிருந்தே கொண்டுவந்தார். கொடை இப்படத்தில் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அவருடைய இசைமை பெருகப் பெருக, பாத்திரம் நடிகருள் அடங்கிப்போன படங்கள் பல. ‘மலைக்கள்ளன்’ அந்த எல்லைக்கு இப்பால் நிற்பதால்தான் இன்றும் கதையாகவே பார்க்கத் தக்கதாயுள்ளது. உரையாடல் சிலவிடத்து மேடைப்பேச்சாக நீள்கின்றது, அது தனிக்குறை.

அண்மைக் காலத்தன இரண்டு. இவை நாவல்வழி வந்தன அல்ல. எனினும் நடிகர் தேர்வைப் பற்றிய உண்மையைத் தெளிவிப்பன. மிஷ்கினின் ‘முகமூடி’யில் (2012) ஜீவா ஏற்ற இளைஞன் முகமூடி அணியுமுன்பே குங்ஃபூ பயின்றவன். அணிந்த பின்னரும் அவன் சண்டைக்காரனே. மூடி மறைக்கத் தக்க வேறு மனிதன் அங்கு இல்லை. பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’யிலோ (2021) டொவினோ தாமஸ் ஏற்றவன் சிற்றூர்த் தையற்காரன். தையல் இயந்திரத்தின் ஒலியில் நாள் கழிக்கும் திருப்பூர் வட்டாரத்தார்க்கு அவன் அயலான் அல்லன். அவனினும் ஆழமாக நெஞ்சில் நிற்பவன் எதிராளியாகிய ஷிபு. ஊரார் எள்ளி ஒதுக்கிய அம்மனிதனைக் குரு சோமசுந்தரம் ஏற்றார். முகமூடியின்றியே அவர் பார்வை, பேரழிவு செய்வோனையும் அன்புக்கு ஏங்குவோனையும் மாறி மாறிக் காட்டுகின்றது. அவர் கூத்துப்பட்டறையில் பயின்றவர்.