எண்ணெயில் எள்ளைத் தேடுகிறவர்கள்

ரோமர் 12:19-ஐ விளக்கும் பிரசங்கங்களில் இப்போது கிரேக்கம் கட்டாயமாகிவிட்டது. தமிழ் வேதாகமம் ‘பழிவாங்குதல்’ என்று தரும் இடத்தில் மூலத்தில் இருப்பது ‘எக்திக்கேசிஸ்’. அதற்குள் நீதியைக் குறிக்கும் ‘திக்கே’ ஒளிந்திருக்கிறது, முன்னே நிற்கும் ‘எக்’ என்பதற்கு ‘இலிருந்து’ என்று பொருள். ஆகவே இது பழியே அல்ல, நீதியிலிருந்து புறப்படும் செயல் என்று முடித்துவிடுகிறார்கள். பழிவாங்கும் கடவுள் என்ற சங்கடம் ஒரே சொற்பிரிப்பில் தீர்ந்துபோகிறது. மூலத்தைப் பார்க்கச் சபையைத் தூண்டுவது நல்லதுதான். இந்தச் சொற்குடும்பத்துக்கு வழக்குமன்ற வாடை உண்டு என்பதும் மெய்: லூக்கா 18-இல் விதவை நியாயாதிபதியிடம் முறையிடுவது இக்குடும்பத்து வினைச்சொல்லால்தான், தமிழிலும் அங்கே ‘நியாயம்’ என்றே பெயர்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சொல்லைப் பிளந்தால் அதன் பிறப்பு தெரியலாம், புழக்கம் தெரியாது. எண்ணெய் என்பது எள்ளின் நெய். அதற்காகத் தேங்காய் எண்ணெயில் யாரும் எள்ளைத் தேடுவதில்லை. வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1961-இலேயே, வேதாகமச் சொற்களை இப்படி வேர் பிடுங்கிப் பொருள் காணும் முறையைக் கடுமையாகச் சாடி நூல் எழுதிவிட்டார். மேடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. பிளப்பதுதான் முறை என்றால் ‘எக்திக்கோஸ்’ என்ற உறவுச்சொல்லையும் பிளக்கட்டும். பழைய கிரேக்க நாடகத்தில், ஈஸ்கிலஸின் பெயரில் வழங்கும் ‘கட்டுண்ட புரோமிதியூஸ்’ முடியும் இடத்தில், அச்சொல்லுக்கு ‘நீதிக்குப் புறம்பானது’ என்று பொருள். அதே ‘எக்’, அதே ‘திக்கே’, நேரெதிர் அர்த்தம். புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே, வெளிப்படுத்தல் 6:10-இல் கொல்லப்பட்டவர்கள் தங்கள் இரத்தத்துக்காகக் கேட்பதும், 2 தெசலோனிக்கேயர் 1:8-இல் தீயோடு வருவதும் இந்தக் குடும்பத்துச் சொற்களே. அங்கே இந்த மென்மை எங்கே போயிற்று?

ரோமர் 12:19-இல் பவுல் மேற்கோள் காட்டுவது உபாகமம் 32:35-ஐ. அங்குள்ள எபிரெயச் சொல்லான ‘நாகாம்’ சட்டப்படியான நிவாரணத்தையும் குறிக்குமே என்று வாதிடலாம். குறிக்கலாம். அதைச் சொல்லும் உரிமை புழக்கத்தைத் தேடிப் பார்த்தவருக்கு உண்டு, ‘எக்’கையும் ‘திக்கே’யையும் கூட்டிக் கணக்குப் போட்டவருக்கு இல்லை. அதே உபாகமப் பாட்டில் சில அடி தள்ளிக் கடவுளின் அம்புகள் இரத்தத்தால் வெறிகொள்கின்றன, வாள் மாம்சத்தைத் தின்கிறது என்பதையும் அவர் சேர்த்தே சொல்லவேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ரோமர் வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. பழிவாங்க வேண்டாம் என்று பவுல் முதலில் விசுவாசிகளைத் தடுப்பதும் அதே வேரிலிருந்து வந்த வினையால்தான். அது தூய நீதி என்றால், நீதி செய்யாதீர்கள் என்றா அவர் எழுதினார்? வாக்கியத்தின் அழுத்தம் ‘உங்களுக்காக நீங்களே’ என்பதிலும், முதலில் வைக்கப்பட்ட ‘எனக்கு’ என்பதிலும் விழுகிறது. செயலுக்கு அவர் வெள்ளையடிக்கவில்லை. அதன் கைமாற்றத்தைத்தான் பேசுகிறார். கோபத்துக்கு இடங்கொடுங்கள் என்ற சொற்றொடரும் அதனால்தான் அங்கே தேவைப்படுகிறது. பழி இல்லையென்றால் அந்தக் கோபத்துக்கு அங்கே என்ன வேலை?

ஆறு வசனம் தாண்டினால் 13:4. பட்டயம் ஏந்திய அதிகாரியைப் பவுல் ‘எக்திக்கோஸ்’ என்கிறார், பக்கத்திலேயே மறுபடியும் கோபம். இடையில் நிற்கும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. பவுல் அங்கே மூச்சுகூட விடவில்லை. பிரசங்கியார் மட்டும் 12-ஆம் அதிகாரத்தோடு ஆமென் சொல்லி இறங்கிவிடுகிறார்.