காகிதத்தில் எழுந்த கடல்

மர அச்சில் பூவும் அலையும் பதித்த சியோகாமி என்ற ஜப்பானியக் காகிதத்தில் உருவங்களை வெட்டி, கேமராவுக்குக் கீழே கிடத்தி, அவற்றின் கையை நூலளவு நகர்த்தி ஒரு ஃப்ரேம், மறுபடி நகர்த்தி இன்னொரு ஃப்ரேம் என்று அனிமேஷன் கலைஞர் நோபுரோ ஓஃபுஜி படம் எடுத்தார். 1926-இல் ‘பாக்தாத் கோட்டைத் திருடன்’ இப்படித்தான் உருவானது. அனிமேஷன் வரைய உதவும் செல்லுலாய்டுத் தாள் அன்று ஜப்பானில் விலை அதிகம். ஆனால் சிக்கனம் மட்டுமே காரணமென்றால் வெறும் வெள்ளைத் தாளே போதுமே! உடையின் பூவேலைப்பாடு திரையில் தெரிய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

அந்த ஆசையைக் கருப்பு வெள்ளை ஃபிலிம் பாதி விழுங்கிவிட்டது. நிறம் போய்க் கோலம் மட்டும் மிஞ்சியது. அதைவிடப் பெரிய குறை அசைவில். வெட்டிய உருவம் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நிற்கும். சட்டெனத் திரும்பாது, முகம் சுளிக்காது. அதனால் சிரிக்க வைக்க வேண்டிய இடங்களில் இந்தப் பொம்மைகள் தடுமாறுகின்றன.

அதே விறைப்பு ‘திமிங்கலம்’ படத்தில் பலமாக மாறுகிறது. 1927-இல் நிழலுருவமாக எடுத்த இக்கதையை 1952-இல் வண்ணத்தில் மறுபடி எடுத்தார். கண்ணாடித் தட்டுகளில் வண்ண செலோபேனை அடுக்கி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சினார். ஒரு தாளின் நீலம் இன்னொன்றின் மேல் படியும்போது கடல் ஆழமாகிறது. அதன் முன் மனிதர்கள் கரிய துண்டுகளாகத் தத்தளிக்கிறார்கள். அச்சத்தைச் சொல்ல முகபாவம் தேவைப்படவில்லை. இந்தக் கடலுக்கு நிகரானதை அக்கால ஜப்பானிய அனிமேஷனில் நான் பார்த்ததில்லை. 1953-இல் படம் கான் திரைப்பட விழாவுக்கும் போனது.

இருந்தும் ஒன்று உறுத்துகிறது. கப்பல் உடைந்து தப்பிய ஆண்கள் ஒரே பெண்ணுக்காக அடித்துக்கொள்கிறார்கள். அவள் மனத்தில் என்ன என்று படம் கேட்கவே இல்லை. நிழலுருவம் அந்தக் கேள்வியை எளிதாகத் தட்டிக்கழிக்க உதவிவிட்டது. இதை உத்தியின் எல்லை என்று மன்னிக்க முடியாது. கதை சொன்னவரின் அலட்சியம்.

அக்கா யாஏ உதவ, ஏறக்குறையத் தனியாளாகவே அவர் உழைத்தார். அதனால்தான் படங்களில் அவருடைய கை தெரிகிறது; அதனாலேயே அவருக்குப் பின் அந்தப் பாணி ஒரு தொழிற்கூடமாக வளரவில்லை. 1956-இல் டோயி நிறுவனம் பெரிய ஸ்டுடியோவை அமைத்து, செல்லுலாய்டுத் தாளில் பலர் கூடி வரையும் செல் முறையை நிலைநாட்டியது. 1961-இல் ஓஃபுஜி மறைந்தார். மறு ஆண்டு மைனிச்சி நாளிதழின் திரைப்பட விருதுகளில் அவர் பெயரில் ஒரு விருது சேர்ந்தது. முதலில் பெற்றது ஒசாமு தெசுகாவின் குழு. 1979-இல் ஹயாவோ மியாசாகியின் ‘காலியோஸ்ட்ரோ கோட்டை’யும் அதை வென்றது. அருமையான படம்தான், ஆனால் ஸ்டுடியோவில் செல் முறையில் எடுத்தது. கத்தரிக்கோலோடு தனியே உட்கார்ந்தவரின் பெயரிலான விருது, அப்படி உட்காருகிறவர்களையே முதலில் தேடிப் போயிருக்க வேண்டும்.