நகரை வழக்குக்கு அழைத்த நாயகி: நகர மிகுபுனைவு நோக்கில் மதுரைக் காண்டமும் மணிமேகலையும்

ஆய்வுச் சுருக்கம்

மீயியற்கை ஆற்றல்கள் உலவும் நகரைக் களமாகக் கொண்டு, வலிமை மிக்க பெண்ணைத் தலைமை மாந்தராக்கும் புனைவு வகை, மேலைநாடுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளில் தனி இலக்கிய வகையாக வளர்ந்துள்ளது. அவ்வகையின் அடிப்படைக் கூறுகளைச் சிலப்பதிகார மதுரைக் காண்டத்திலும் மணிமேகலையிலும் இனங்கண்டு, நாயகியின் வலிமை எதனால் அமைகிறது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. போர்த்திறனை மட்டும் வலிமையின் அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வுப் போக்கு இவ்விரு காப்பியங்களுக்கும் பொருந்தாது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நகர மிகுபுனைவு, கண்ணகி, மதுராபதி, மணிமேகலை, வழக்குரைத்தல், அமுதசுரபி

முன்னுரை

நகர மிகுபுனைவில் மீயியற்கை உலகம் தொலைதூரக் காட்டிலோ கற்பனைத் தீவிலோ இருப்பதில்லை. அது தெருவிலும் அங்காடியிலும் அரசு அலுவலகத்திலும் கலந்திருக்கிறது. எம்மா புல் 1987இல் வெளியிட்ட 'வார் ஃபார் தி ஓக்ஸ்' புதினத்தில், மினியாபொலிஸ் நகரின் இசைக்கலைஞர் ஒருத்தி தேவதைக் குலங்களின் போருக்குள் இழுக்கப்படுகிறாள். லாரல் ஹாமில்டனின் 'கில்ட்டி பிளெஷர்ஸ்' (1993) புதினத்தில் இரத்தக் காட்டேரிகள் சட்ட உரிமை பெற்ற குடிகள். நாயகி அனிதா பிளேக் அவற்றைக் கொல்லச் சட்டத்தின் ஒப்புதல் பெற்றவள். என்.கே. ஜெமிசின் 2020இல் வெளியிட்ட 'தி சிட்டி வீ பிகேம்' புதினத்தில் நியூயார்க் நகரமே மனித உருக்கொண்டு நடமாடுகிறது.

இவ்வகை பற்றிய திறனாய்வில் 'வலிய நாயகி' என்னும் தொடர் பெரும்பாலும் ஆயுதம் ஏந்தும் ஆற்றலையும் அஞ்சாமையையும் குறிக்கிறது. தமிழில் வெகுசன மாந்திரீகப் புதினங்களை மதிப்பிடும் ஆய்வேடுகளும் இவ்வளவுகோலை அவ்வாறே கையாள்வதுண்டு. அதனைத் தமிழ் மரபின் நகரக் கதைகளில் வைத்துச் சோதிப்பது தேவையாகிறது.

மதுரை: தெய்வங்கள் குடியிருக்கும் நகர்

மதுரைக் காண்டத்தின் பதின்மூன்று காதைகளில் நகரம் வெறும் பின்னணி அன்று. ஊர்காண் காதையில் கோவலன் வீதிகளைக் கண்டு வருகிறான். கொலைக்களக் காதையில் அதே நகரின் கடைத்தெருவும் காவலும் அவன் உயிரைக் கொள்கின்றன. துன்பமாலையில் கதிரவன் கண்ணகியின் வினாவுக்கு விடை தருகிறான். அழற்படு காதையில் நகரைக் காத்துவந்த நால்வகைப் பூதங்களும் நீங்குகின்றன. அங்காடி, அரண்மனை, வாயில்காவல் ஆகிய நடைமுறை அமைப்புகளோடு மீயியற்கை ஆற்றல்கள் ஒரே தளத்தில் இயங்குகின்றன. நகர மிகுபுனைவின் முதன்மைக் கூறு இதுவே.

இவ்வுலகில் கண்ணகி முதலில் கையாளும் கருவி வழக்குரை. ஊர்சூழ் வரியில் எஞ்சிய ஒற்றைச் சிலம்புடன் தெருக்களில் நின்று, இவ்வூரில் பெண்டிரும் சான்றோரும் தெய்வமும் உண்டா என வினவுகிறாள். அவ்வினா அரசனை எட்டும் முன்பே ஊரார் அனைவரையும் சாட்சிக்கு அழைத்துவிடுகிறது. வழக்குரை காதையில் வாயிற்காவலன் அவளைக் கொற்றவை முதலிய தெய்வங்களோடு ஒப்பிட்டு, அவர்களுள் ஒருத்தியும் அல்லள் என்று விலக்கி அறிவிக்கிறான். தெய்வமோ என அஞ்சப்படும் ஒருத்தி, கணவனை இழந்த குடிமகளாகவே அவைக்குள் நுழைகிறாள்.

அவையில் அவள் முன்வைப்பது சான்று. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், தன் சிலம்பில் மாணிக்கப் பரல் என்னும் வேறுபாடே வழக்கின் திறவுகோல். சிலம்பு உடைந்து மணி தெறித்தவுடன் தானே கள்வன் என ஏற்றுப் பாண்டியன் வீழ்கிறான். இங்கு மந்திரமோ வரமோ இடம்பெறவில்லை. பொருட்சான்றே தீர்ப்பை வழங்குகிறது. அனிதா பிளேக்கின் வன்மைக்கு அரசின் ஒப்புதல் அரணாக நிற்கிறது. கண்ணகியோ அரசின் ஆணைக்கு எதிராக நின்று, அவ்வரசின் அவையிலேயே வெல்கிறாள்.

எரியும் அதன் எல்லையும்

வஞ்சின மாலையில் மீயியற்கை ஆற்றல் கண்ணகியின் கைக்கு வருகிறது. இடக்கொங்கையைத் திருகி, நகரை மும்முறை வலம்வந்து அவள் எறிய, பார்ப்பன வடிவில் தோன்றும் தீக்கடவுள் எவரை விடுத்து எரிப்பது என ஆணை கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீத்திறத்தார் பக்கம் சேர்க என அவள் விடையளிக்கிறாள்.

இவ்விடத்தில் இரு கருத்துகளை உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். சினத்தின் உச்சத்திலும் அவள் வரையறையோடு ஆணையிடுவது, ஆற்றலைப் பொறுப்போடு இணைக்கிறது. எனினும் அவ்வரையறை அக்காலச் சமூகப் படிநிலையைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அவளது ஆற்றலும் கற்பு என்னும் அறத்திலிருந்தே பெறப்படுகிறது. அதனை வெளிப்படுத்த அவள் தன் உடலையே சிதைக்க நேர்கிறது. கண்ணகியைப் புரட்சி நாயகி என்று மட்டும் போற்றுவதும், கற்பின் படிமம் என்று மட்டும் ஒதுக்குவதும் இப்பகுதியின் ஒரு பாதியையே வாசிப்பனவாகும்.

மதுராபதியின் விளக்கம்

அடுத்துத் தோன்றும் மதுராபதி நகரின் உருவகமாகிய தெய்வம். வலக்காலில் கழலும் இடக்காலில் தனிச்சிலம்பும் அணிந்த இருகூற்று வடிவினள். ஒற்றைச் சிலம்போடு வழக்காடியவள் முன் ஒற்றைச் சிலம்புடைய தெய்வத்தை நிறுத்துவது ஆழ்ந்த பொருளுடையது. நகரின் உடலிலேயே நிறைவுறாத இணை ஒன்று குறிக்கப்படுகிறது எனக் கொள்ள இடமுண்டு. அத்தெய்வம் கண்ணகியின் எதிரே வர இயலாமல் பின்னே நின்று பேசுகிறது. ஜெமிசினின் புதினத்தில் நகரின் உருவங்கள் புறப்பகையோடு போரிட்டு நகரைக் காக்கின்றன. இளங்கோவின் நகரத் தெய்வமோ தன் குடியின் பிழைக்கு விளக்கம் சொல்லும் நிலையில் நிற்கிறது.

அவ்விளக்கம், பாண்டியர் குடியின் செங்கோன்மையையும் கோவலனின் முற்பிறப்பு வினையையும் கூறுவது. கலிங்கத்தில் சங்கமன் என்னும் வணிகனைப் பரதன் ஒற்றனெனக் காட்டிக் கொல்வித்ததும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமும் இங்கு வெளிப்படுகின்றன. இவ்வூழ்க்கதை கண்ணகியின் எதிர்ப்பைப் பொருளற்றதாக்கிவிடுகிறது என்பது வலுவான ஒரு மறுப்பு. அதற்கு மூன்று விடைகள் தரலாம்.

முதலாவது, தீர்ப்பு முன்னரே வழங்கப்பட்டுவிட்டது. ஊழ்க்கதை கோவலனின் இறப்புக்குக் காரணம் கூறுகிறதே அன்றி, ஆராயாது கொன்ற குற்றத்திலிருந்து அரசனை விடுவிக்கவில்லை. இரண்டாவது, ஊழ்க்கதையின் மையத்திலும் அநீதியாகக் கணவனை இழந்த ஒரு பெண்ணே நிற்கிறாள். நீலியின் குரல் கண்ணகியின் குரலுக்கு முன்னோடியாகிறது. மூன்றாவது, கண்ணகி அவ்விளக்கத்தை ஏற்றதாகவும் மறுத்ததாகவும் காப்பியம் கூறவில்லை. கணவனைக் காணும்வரை இருத்தலும் நிற்றலும் இல்லை என்று மட்டும் சொல்லி அவள் நடக்கிறாள். தீயிலிருந்து விடுபடத் தெய்வம் அவளை வேண்ட நேர்ந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

மேற்கு வாயிலும் வைகைக் கரையும்

கொற்றவை கோயில் வாயிலில் வளையை உடைத்து, கீழ்த்திசை வாயிலில் கணவனோடு புகுந்தவள் மேல்திசை வாயிலில் தனியே வெளியேறுகிறாள். பின்னர் வைகையின் ஒரு கரை வழியே நடந்து நெடுவேள் குன்றத்தை அடைகிறாள். மதுரைக்கு மேற்கே ஆற்றின் போக்குக்கு எதிராகச் செல்வோர் எதிர்கொள்ளும் சமவெளியில்தான் நெல்வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த சோழவந்தான் அமைந்துள்ளது. காப்பியம் இவ்வூரைச் சுட்டவில்லை. ஆயினும் இவ்வூர் ஜெனகை மாரியம்மன் கோயிலின் வைகாசித் திருவிழாவில் அடியார் பூக்குழி இறங்கும் வழக்கம் ஓர் அமைப்பொப்புமையைத் தருகிறது. பெண்தெய்வத்தின் தீ இங்கு ஊரை எரிப்பதாக இல்லாமல், ஊரார் கடந்து வரும் நேர்த்தியாக நிற்கிறது. இஃது அமைப்பொப்புமை மட்டுமே. வழிபாட்டுத் தொடர்ச்சியைக் குறிக்கும் கூற்று அன்று.

மணிமேகலை: பசியைக் களமாக்கிய நாயகி

கண்ணகியின் ஆற்றல் அழிவில் முடியும் இடத்தில் மணிமேகலையின் ஆற்றல் வேறு வழியில் செல்கிறது. வேற்றுருக் கொள்ளவும் வான்வழி செல்லவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வத்திடம் அவள் பெறுகிறாள். இன்றைய மிகுபுனைவு நாயகி இவற்றைப் பகைவரை வெல்லப் பயன்படுத்துவாள். மணிமேகலை காயசண்டிகை வடிவம் கொண்டு நகரின் பசியைத் தணிக்கிறாள். அவள் கையிலுள்ள அமுதசுரபி, மதுரையில் சிந்தாதேவி கோயிலில் தங்கி, குருடரும் முடவரும் உண்ட பின் எஞ்சியதை உண்ட ஆபுத்திரனுக்கு அத்தெய்வம் அளித்தது. ஒரே மதுரை எரிக்கும் நாயகிக்கும் ஊட்டும் நாயகிக்கும் மூலக்களமாகிறது.

புகாரின் சிறைக்கோட்டம் அவளது வேண்டுகோளால் அறக்கோட்டமாக மாற்றப்படுவதே அவளது பெருவெற்றி. ஓர் அரசமைப்பின் பயனையே மாற்றிய செயல் அது. ஆயினும் உருமாற்றம் தீங்கற்றதாக அமையவில்லை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் உருவால் மயங்கி உதயகுமரனைக் கொல்கிறான். மீயியற்கை ஆற்றலுக்கு விலை உண்டு என்னும் விதி இங்கும் தவறவில்லை.

நவீனப் புனைவுக்கு ஒரு குறிப்பு

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சென்னைத் தெருவுக்குக் கடவுளை அழைத்து வந்தது. அவரது 'காஞ்சனை' கதையில் மீயியற்கைப் பெண் இல்லத்துக்குள் அச்சமாக நுழைகிறாள். அவளுக்கு அடைக்கலம் தருபவள் இல்லத்தரசி, ஐயுறுபவன் கதை சொல்லும் கணவன். ஊரை வினவிய குரல் இங்கு வீட்டின் அச்சமாகச் சுருங்கியுள்ளது. ஜெயமோகனின் 'கொற்றவை' (2005) கண்ணகி கதையை மீட்டுரைத்தது, பழைய வினாக்கள் தீரவில்லை என்பதற்குச் சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து, மீயியற்கை நகரக் கதைகளின் நாயகியை மதிப்பிட மூன்று வினாக்களை அளவுகோலாக முன்வைக்கலாம். அவள் நகரின் எந்த அமைப்பை விடைசொல்ல வைக்கிறாள்? அவளது ஆற்றலுக்கான விலையை யார் செலுத்துகிறார்? அவள் வெளியேறிய பின் நகரில் எது மாறியிருக்கிறது? கண்ணகி முதல் வினாவில் உயர்ந்து நிற்கிறாள். மூன்றாம் வினாவுக்கு மணிமேகலை தெளிவான விடை தருகிறாள். வாளேந்திய நாயகியர் பலர் இம்மூன்றுக்கும் விடையின்றி நிற்பதை இவ்வளவுகோல் புலப்படுத்தும். வெகுசன மிகுபுனைவை ஆராயப் புகுவோர் ஆற்றலின் அளவை விடுத்து அதன் பயனை ஆராயத் தொடங்கின், பழங்காப்பியமும் இக்காலப் புதினமும் ஒரே வகுப்பறையில் பயனுற வாசிக்கத்தக்கனவாகும்.